உடன்படுதலும் தீவினையே



"நான் எவ்வுயிரையும் துன்புறுத்தவில்லையே, தீவினை என்னை எவ்வாறு பற்றும்?" என்று வினவுவோர் உண்டு. மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும், செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூவகையாலும் வினை உயிரை வந்தடையும் என்பது நம் ஆசாரியர்கள் காட்டிய நெறி. இவ்வுண்மையை அமெரிக்க நாட்டு வரலாறு ஒன்றில் தெளியக் காணலாம்.

செரோக்கி என்பார் அந்நாட்டின் தென்கிழக்கு மலைப்பகுதிகளில் வாழ்ந்த தொல்குடியினர். அவர்களுள் செக்கோயா என்பார் 1821இல் தம் மொழிக்கு எழுத்து வகுத்தார். 1827இல் அம்மக்கள் அரசியல் சட்டம் இயற்றினர். 1828இல் செய்தித்தாளும் தொடங்கினர். அக்காலத்தே ஜார்ஜியாவில் அவர்தம் நிலத்தில் பொன் கண்டெடுக்கப்பட்டது. முன்பே மூண்டிருந்த மண்ணாசையோடு பொன்னாசையும் சேர்ந்தது.

1830இல், தொல்குடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்றும் சட்டம் 102க்கு 97 என்ற வாக்குகளால் கீழவையில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் ஒப்பமிட்டார். 1835இல் செரோக்கியருள் ஒரு சிறு குழுவினர் மட்டும் நிலத்தை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். தலைவர் ஜான் ராஸும் பெரும்பாலான மக்களும் அதனை மறுத்தனர். எனினும் 1836இல் மேலவை அதனை ஏற்றது. ஒரு வாக்கு மாறியிருப்பினும் அது வீழ்ந்திருக்கும்.

1838இல் படைவீரர் வந்தனர். மக்களை வீடுகளினின்று வெளியேற்றி அடைப்புகளில் வைத்தனர். பின்னர் ஏறத்தாழ 16,000 பேர் மேற்கு நோக்கிச் செலுத்தப்பட்டனர். நோயாலும் குளிராலும் பசியாலும் மாண்டோர் ஏறத்தாழ 4,000 பேர் எனக் கணக்கிடுவர். அவ்வழி இன்றும் 'கண்ணீர்த் தடம்' எனப்படுகிறது.

இதில் செய்தவர் படைவீரர், செய்வித்தவர் ஆட்சியாளர். உடன்பட்டவர் யாவர்? 1832இல் ஜார்ஜியா அரசு செரோக்கியர் நிலத்தைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டது. சீட்டு விழுந்ததென மகிழ்ந்தவர் எவரையும் அடித்தாரல்லர். ஆயினும் பிறர் கண்ணீரில் விளைந்த பொருளை விரும்பி ஏற்றார். டென்னசி உறுப்பினர் டேவி கிராக்கெட்டோ உடன்பட மறுத்து, 1830ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார். பதவியை இழந்தாரேயன்றி அறத்தை இழக்கவில்லை.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. செரோக்கியருள் செல்வர் சிலர் கறுப்பின மக்களை அடிமைகளாகக் கொண்டிருந்தனர். அவ்வடிமைகளும் அத்தடத்திலேயே நடத்திச் செல்லப்பட்டனர். துன்புற்றோரும் துன்புறுத்தலினின்று நீங்கியவராக இல்லை. அதுகொண்டு, "அவரவர் வினை அவரவர்க்கு" என்று கூறி நாம் அமைதி கொள்ளலாமோ? ஆகாது. வினைக்கோட்பாடு நம் வினையை நாமே ஆராய்ந்து திருத்திக்கொள்வதற்கு உரியது. பிறர் துயரைக் கண்டு வாளா இருப்பதற்கு உரிய சாக்கு அன்று. அவ்வாறு கூறுவதும் உடன்படலே.

எனவே மிகுபொருள் விரும்பாமையைப் பொருளின் அளவோடு நிறுத்தலாகாது. ஏலத்தில் மலிவாக வரும் நிலம், நெருக்கடியில் ஒருவர் விற்கும் நகை இவற்றைக் கொள்ளுமுன், "இது எவர் கண்ணீர் வழியே என் கைக்கு வருகிறது?" என வினவுவோமாக. அவ்வினாவே கொல்லாமையின் காவல்.

அறம் வளர்க!