சிவனொளிபாத மலை யாத்திரையும் உடலின் ஆயத்தமும்

சிவபெருமானின் திருவடி பதிந்த தலமெனச் சைவ அடியார்கள் போற்றும் சிவனொளிபாத மலை 2,243 மீற்றர் உயரமுடையது. டிசெம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியுடன் நிறைவுறும் யாத்திரைக் காலத்தில் இந்துக்கள், பௌத்தர்கள், கிறிஸ்தவர்கள், இஸ்லாமியர்கள் என்ற பேதமின்றி யாவரும் அதே படிகளில் ஏறுகின்றனர். இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வாழும் பலருக்கு அது வாசலில் நின்றால் தெரியும் மலை. வாசலில் தெரிவதால் ஏறுவது எளிதாகிவிடாது. நல்லதண்ணிப் பாதையை விடப் பலாபத்தல வழியும் குருவிட்ட எரத்ன வழியும் நீளமானவை. அடிவாரம் தாழ்ந்திருப்பதால் 1,500 மீற்றருக்கு மேல் ஏறவேண்டியிருக்கும்.

இத்தகைய யாத்திரைக்கு நேர்த்தி வைத்தவர் உடலைப் பயிற்சியால் ஆயத்தம் செய்வது பக்திக்குக் குறைவா என்பது சிந்திக்கத்தக்க கேள்வியாகும். "விரதம் இருந்தால் போதும், ஆண்டவன் ஏற்றிவிடுவான்" என்பது தோட்டங்களில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. அதில் உள்ள நம்பிக்கை பெரிது. ஆயினும் நடு இரவில், ஒடுங்கிய பாதையில், கால் மடங்கி விழுந்தவரைத் தூக்கி இறக்குவது உடன் வந்த நாலு பேரின் தோள். தன் நேர்த்தியின் சுமையைப் பிறர் தோளில் ஏற்றுவது தருமமாகுமா?

1344ஆம் ஆண்டில் இம்மலைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, அக்காலத்தில் பாபா வழி, மாமா வழி என இரு பாதைகள் இருந்ததை எழுதி வைத்துள்ளார். எளிதான மாமா வழியால் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே மக்கள் எண்ணுவதில்லையாம். கடினமே புண்ணியம் என்னும் எண்ணம் அவ்வளவு பழையது. அந்த எண்ணப்படி பார்த்தால் ஆயத்தம் கடினத்தைக் குறைப்பதால் புண்ணியத்தையும் குறைக்க வேண்டும். ஆனால் மூன்று மாதம் நாள் தவறாமல் நடப்பதும் கடினமே. அது எவரும் பார்க்காத கடினம்; அரோகரா சொல்லி ஊக்குவிக்க ஆளில்லாத கடினம். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதும், ஐயப்ப பக்தர் 41 நாள் மண்டல விரதம் காப்பதும் நாள் குறித்து, படிப்படியாகத் தன்னை ஒழுங்குபடுத்தும் முறைகள்தாம். திட்டமிடுதல் சமயத்துக்குப் புறம்பானதன்று.

"நாளெல்லாம் கூடை சுமந்து ஏறி இறங்கும் உடம்புக்கு வேறு பயிற்சி எதற்கு?" என்பது இன்னொரு கேள்வி. இதனை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கொழுந்து எடுப்பவரும், விடியுமுன் இறப்பர் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டி வாளி சுமப்பவரும் எவருக்கும் குறைந்த உழைப்பாளிகள் அல்லர். ஆனால் அங்கே அளவைத் தீர்மானிப்பது தராசு. களைத்தாலும் நிறை வரும்வரை நிற்க முடியாது; மறுநாளும் அதே சுமை. பயிற்சியில் அளவை நடப்பவரே தீர்மானிக்கிறார். சுமை சிறிது சிறிதாகக் கூடுகிறது, இடையில் ஓய்வும் உண்டு. அந்த ஓய்விலேதான் தசை பலப்படுகிறது. நாளடைவில் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகி, இதயம் ஒரு துடிப்பில் கூடுதலான இரத்தத்தைச் செலுத்தப் பழகுகிறது. கொழும்பில் கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் இளையோருக்கோ பாட்டன் பாட்டியின் கால் பலம் தானாக வந்துவிடாது.

மாசியில் ஏற எண்ணுபவர் கார்த்திகையில் தொடங்கலாம். முதலில் வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம் போதும். வாரந்தோறும் சிறிது கூட்டி, நான்காம் வாரம் குறைத்து, பின் மேட்டுப் பாதைக்கும் படிகளுக்கும் செல்லலாம். நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளோர் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கலாகாது; பட்டினியோடு மலையேறவும் கூடாது.

சொல்வது எளிது, அந்த அரை மணி யாருக்குக் கிடைக்கிறது? மலையிலிருந்து வந்ததும் தண்ணீர், விறகு, சமையல், பிள்ளைகள் என்று லயத்துப் பெண்ணின் மாலைப்பொழுது முடிந்துவிடுகிறது. ஓய்வோ அதைவிட அரிது. மனைவி நேர்த்தி வைத்திருந்தால் அந்த அரை மணிக்குக் கணவனும் வளர்ந்த பிள்ளைகளும் அடுப்படியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நேர்த்தி அவளுடையது என்று ஒதுங்கிக்கொள்வது நியாயமன்று.

ஏறுவதையே எண்ணி இறங்குவதை மறப்பதும் வழக்கம். முழங்காலையும் தொடையையும் மிகுதியாக நோகச் செய்வது இறக்கமே. ஆகவே கடைசி மாதத்தில் படி இறங்கிப் பழக வேண்டும். யாத்திரைக்கு முந்திய வாரம் நடையைக் குறைக்க வேண்டும். இறங்கிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி கூடுமே தவிரக் குறையாது. எனவே யாத்திரைக்கு நாள் குறிக்கும்போதே மறுநாள் ஓய்வையும், அன்றைய பேர் இல்லாமற் போவதையும் குடும்பத்தோடு பேசிக் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.