அனுமதி கேட்போன் கடன்

பிறர் இல்லத்தினுள் நுழைய விரும்புவோன் வாயிலில் நின்று காரணங் கூறுதல் வழக்கு. கைத்தொலைபேசிச் செயலிகளின் உலகிலோ இம்முறைமை பெரும்பாலும் தலைகீழாகி விடுகின்றது. இருப்பிடம், தொடர்பு எண்கள், ஒலிவாங்கி என்பவற்றுக்கு அனுமதி கோரும் செயலி, காரணத்தை ஊகித்தறியும் பொறுப்பைப் பயனரிடமே விட்டுவிடுகின்றது. இந்நிலையில் அளிக்கப்படும் இசைவு உண்மையான இசைவாகுமா?

இரு நிகழ்ச்சிகள் ஈண்டு நோக்கற்பாலன. கைத்தொலைபேசியைக் கைவிளக்காக்கும் ‘பிரைட்டஸ்ட் பிளாஷ்லைட்’ என்னுஞ் செயலி, பயனரின் இருப்பிடத்தை விளம்பர வலையமைப்புகளுக்கு அனுப்பியதென 2013ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. பயனர் நிபந்தனைகளை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ முன்னரே தகவல் சென்றுகொண்டிருந்தது என்பதும் அக்குற்றச்சாட்டில் அடங்கும். மறுக்கும் உரிமை அங்கு வெறுந் தோற்றமாகவே இருந்தது.

மற்றையது இதற்கு மறுதலையானது. 2015இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 6 முதலாக, புளூடூத் வழியே அயலிலுள்ள கருவியொன்றைத் தேடும் செயலியும் இருப்பிட அனுமதி கோரவேண்டியதாயிற்று. அயலிலுள்ள புளூடூத் சமிக்ஞைகளைக் கொண்டு ஒருவரின் இருப்பிடத்தை உய்த்தறியலாம் என்பதே காரணம். 2021இல் அன்ட்ரொயிட் 12 இதற்கெனத் தனி அனுமதியொன்றை ஏற்படுத்தும் வரை, இருப்பிடத்தை அறிய விரும்பாத நேர்மையாளனும் ஐயத்துக்கு ஆளானான். ‘கைக்கடிகாரத்தை இணைப்பதற்கு என் இருப்பிடம் எதற்கு?’ என்பது நியாயமான வினாவே. வஞ்சகனும் நேர்மையாளனும் ஒரே அனுமதியைக் கோரும்போது, ஐயுறுவது பயனரின் குற்றமன்று. ஐயந் தீர்ப்பது கேட்போனின் கடனாகும்.

பயனரின் மதிப்புரைக்குக் கீழே, அனைவரும் காணத்தக்கதாக மறுமொழி எழுதும் வசதியைச் செயலிக் களஞ்சியங்கள் வழங்கியுள்ளன. அங்கு சிலர் மௌனஞ் சாதிக்கின்றனர். சிலர் எல்லார்க்கும் ஒரே நன்றியுரையை ஒப்புவிக்கின்றனர். சிலரே காரணத்தை உரைக்கின்றனர். முறைப்பாட்டாளர் ஒருவருக்கு எழுதப்படும் அவ்விளக்கம், பின்வரும் பலர்க்கும் உரியதாகின்றது.

‘இலவசமாகத் தருகின்றோம், விரும்பாதோர் நீங்கலாம்’ என வாதிப்போர் உளர். பொருளின் விலை இன்மை, உண்மை கூறும் கடமையை நீக்கிவிடாது. அதேவேளை, விளக்கம் ஒன்றே நேர்மைக்குச் சான்றுமாகாது. பொய்யனும் இனிய மறுமொழி எழுத வல்லன். அனுமதியின்றி நிறைவேறக்கூடிய பணிக்கு அனுமதி கேளாதிருத்தல், தேவையானவிடத்துக் கேட்குமுன் காரணங் கூறல், மறுத்தவர்க்கும் எஞ்சிய பயனை மறுக்காதிருத்தல் ஆகிய மூன்றுமே தக்க சான்றுகளாம்.

மறுப்பதற்கு இடமுள்ள போதே இசைவுக்குப் பொருளுண்டு. ஆதலின், செயலியை ஆக்கியோனின் அறம் ‘ஆம்’ என்றவரை நடத்தும் முறையிலன்றி, ‘இல்லை’ என்றவரை நடத்தும் முறையிலேயே வெளிப்படுகின்றது.