பொறுத்தலின் பாரம்

ஒஸ்லோவின் சொலி சதுக்கத்தில் சைக்கிளுடன் ஒரு மனிதர் சிலையாக நிற்கிறார். குன்னார் சொன்ஸ்டபி, நாசி ஆக்கிரமிப்பை எதிர்த்து இந்த நகரத்துக்குள்ளேயே இரகசியமாகப் போராடியவர். 2012இல் 94 வயதில் அவர் மறைந்தபோது அரச செலவில் இறுதிச் சடங்கு நடந்தது. இங்கு வளரும் நம் பிள்ளைகளுக்கும் அவரைத் தெரியும். அவருக்கு ஓராண்டு முன்னர் மறைந்த லைஃப் ஹூவெல்சனை (1923–2011) அவ்வளவு பேர் அறியமாட்டார்கள். இவரும் எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர். ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. ஈழத்திலிருந்து வந்து இந்த நகரத்தில் வேர்விட்ட நம்மை ஹூவெல்சனின் வாழ்வு ஒரு கேள்வியின் முன் நிறுத்துகிறது. வதைத்தவனை மன்னிக்க முடியுமா? முடியுமென்றால், மன்னிக்கச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு?

தந்தை கார்ல் ஹூவெல்சன் புகழ்பெற்ற பனிச்சறுக்கு வீரர். ஹொல்மன்கொல்லனில் வென்று, அமெரிக்கா சென்று, கொலராடோ மலைகளில் அந்த விளையாட்டைப் பரப்பிவிட்டு 1922இல் ஊர் திரும்பியவர். மகனுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, 1940 ஏப்ரல் 9ஆம் திகதி, ஜேர்மன் படைகள் நோர்வேக்குள் புகுந்தன. எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்த மகன் 1943இல் கெஸ்தாபோவிடம் பிடிபட்டார். காட்டிக்கொடுத்தவர் ஒரு நண்பர். விசாரணை, அடி, பிறகு ஒஸ்லோவை ஒட்டியிருந்த கிரினி முகாம். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 20,000 பேர் அந்த முகாமின் முள்வேலிக்குள் இருந்திருக்கிறார்கள்.

1945 மே மாதம் எல்லாம் தலைகீழானது. சிறைப்பட்டிருந்தவர் காவலரானார், காவலர்கள் கைதிகளானார்கள். கெஸ்தாபோக்காரன் ஒருவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். ஹூவெல்சன் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து வந்து அவன் முகத்தில் ஊற்றினார். சுற்றி நின்ற தோழர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது: நீதிக்காகப் போராடிய நான் இப்போது செய்தது என்ன?

இந்தச் செயலை நாம் அவசரப்பட்டுக் கண்டிக்க வேண்டாம். வதைபட்ட உடம்புக்கு அந்த வாளித் தண்ணீர் மிகச் சிறிய பழிவாங்கல். ஆனாலும் எதிரியின் பழக்கம் தன் கைக்குள் வந்துவிட்டதை அவர் கண்டுகொண்டார். சில காலம் தனக்குள் போராடினார். பின்னர் தன்னை வதைத்தவனின் முன் போய் நின்று, மன்னித்துவிட்டதாகச் சொன்னார். கேட்டவன் நடுங்கிப்போனான். தீங்கு செய்தவன் நாணும்படி நன்மை செய்துவிடுவதுதான் அவனுக்கான தண்டனை என்ற எண்ணம், குறளின் இன்னாசெய்யாமை அதிகாரத்தைப் படித்த நமக்குப் புதிதல்ல.

இதைப் பிரசங்கமாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் கதை முடியவில்லை. மன்னிக்கப்பட்ட அந்த மனிதன் பிற்பாடு மரண தண்டனைக்கு உள்ளானான். ஹூவெல்சனின் மன்னிப்பு அவனைச் சட்டத்திடமிருந்து விடுவிக்கவில்லை. விடுவிக்கும் அதிகாரமும் அவரிடம் இருக்கவில்லை. போருக்குப் பின் நோர்வே 90,000க்கும் மேற்பட்டோரை விசாரித்தது. குவிஸ்லிங் உட்பட 37 பேருக்கு மரண தண்டனையை நிறைவேற்றியது. மரண தண்டனை சரியா என்பது வேறு விவாதம். நடந்தது இன்னதென்று பதிவு செய்யவும், செய்தவனைப் பெயர் சொல்லி அழைக்கவும் ஒரு நீதிமன்றம் இருந்தது என்பதையே இங்கு கவனிக்க வேண்டும். பகையைச் சுமந்து திரியும் வேலையை அரசு தன் தோளில் ஏற்றுக்கொண்டதால், தனிமனிதனின் நெஞ்சுக்குள் மன்னிப்புக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது.

நம் நிலை வேறு. 2009 மேக்குப் பிறகு நம்மிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட சொல் 'நல்லிணக்கம்'. அதன் பெயரில் ஆணைக்குழு வந்தது, அறிக்கை வந்தது. மறந்து முன்னே செல்லுங்கள் என்ற புத்திமதியும் வந்தது. ஆனால் தன் மகனைக் கையளித்த தாய்க்கு, யாரிடம் கையளித்தாள், அவன் எங்கே என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வரவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய உறவினர்களில் பலர், பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். ஹூவெல்சனுக்கு எதிரே ஒரு முகம் இருந்தது, ஒரு பெயர் இருந்தது. இந்தத் தாய்மார் யாருடைய முகத்தைப் பார்த்து மன்னிப்பார்கள்? 'நான் செய்தேன்' என்று ஒருவரும் சொல்லாதபோது, மன்னிப்பு போய்ச் சேர விலாசமே இல்லை.

தமிழில் 'பொறுத்தல்' என்ற சொல்லுக்கு மன்னித்தல் என்றும் பொருள், சுமத்தல் என்றும் பொருள். இரண்டும் ஒரே சொல்லில் இருப்பது தற்செயலாக இருக்க முடியாது. மன்னிக்கும்போது பாரம் மறைந்துவிடுவதில்லை. பாதிக்கப்பட்டவர் அதைத் தானே சுமக்கச் சம்மதிக்கிறார். பிறர் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டு 'சும' என்று சொல்ல அரசுக்கோ, ஆலயத்துக்கோ, மேடைப் பேச்சாளருக்கோ உரிமை இல்லை. உயிர் தப்பியவர் தனக்கு நேர்ந்ததை மன்னிக்கலாம். இறந்தவர் சார்பில் மன்னிக்க அவருக்கும் அதிகாரம் கிடையாது.

ஹூவெல்சன் தன் மன்னிப்பைப் பிறருக்குக் கட்டளையாக்கவில்லை, தானே சுமந்தார். இளமையில் இறக்கும் போராளிக்கு ஒரு கணத்துத் துணிவு போதும். நெடுங்காலம் வாழ்பவருக்கு ஒவ்வொரு நாளும் துணிவு வேண்டும். ஒழுக்க மறுஆயுதமாக்கல் என்ற இயக்கத்துடன் சேர்ந்து, இடிந்து கிடந்த ஜேர்மனிக்கே போய், அங்குள்ள தொழிலாளர்களிடையே பல ஆண்டுகள் வேலை செய்தார். பின்னாளில் சோவியத் ஆட்சியை எதிர்த்துப் பேசிய ரஷ்யர்களுக்குத் துணை நின்றார். அதாவது, மன்னித்த மனிதர் அநீதியைக் கண்டு பேசாமல் இருக்கவில்லை. மன்னித்தால் வாய்மூடிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் அவருடைய இந்தப் பிற்பகுதி வாழ்வையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம்மிடையேயும் முதுமையை நெருங்கும் முன்னாள் போராளிகள் இருக்கிறார்கள். தேவாலயத்திலும் கோயிலிலும் நம் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்கள் யாரை மன்னித்தார்கள், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. அவர்களிடம் மன்னிப்பை வலியுறுத்த வேண்டாம், வீரக் கதையையும் வலியுறுத்த வேண்டாம். என்ன நடந்தது என்று கேட்டு, பொறுமையாக இருந்து, எழுதி வைப்போம். நீதிமன்றம் இல்லாத ஒரு சமூகம் இப்போதைக்குச் செய்யக்கூடியது அது.