அழைத்தவர் யார்?

நம்மை நோக்கி எழும் ஒவ்வொரு குரலுக்கும் செவிசாய்க்க நாம் கடமைப்பட்டிருக்கிறோமா? பலமுறை பொய்த்த குரல் மீண்டும் எழும்போது அதைப் புறக்கணிக்க நமக்கு உரிமை உண்டா? இவ்வினாவைக் கணிப்பொறிப் பொறியாளர்களும் தங்கள் துறையில் எதிர்கொள்கிறார்கள். அவர்கள் கண்ட விடையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

சலவை இயந்திரம், மின்தூக்கி, நோயாளியின் குருதியில் மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் பம்பு ஆகியவற்றுள் இன்று சிறு கணிப்பொறிகள் பொதிந்துள்ளன. அக்கணிப்பொறி தன் வேலையில் ஈடுபட்டிருக்கும்போதே, ஏதேனும் ஒரு கருவி கம்பி வழியே குறிப்பு அனுப்பி அதை அழைக்கும். இதனைக் 'குறுக்கீடு' என்பர். கணிப்பொறி தன் வேலையை நிறுத்திய இடத்தைக் குறித்து வைத்துவிட்டு, அழைத்த கருவிக்குப் பணிசெய்து, பின்னர் பழைய வேலைக்குத் திரும்பும்.

ஆனால் சில வேளைகளில் எக்கருவிக்கும் தேவை இல்லாதபோதே அழைப்பு வந்து சேர்கிறது. அருகிலுள்ள மோட்டாரின் மின் இரைச்சல் கம்பியில் ஏறியிருக்கலாம். அழைத்த கருவி, கணிப்பொறி திரும்பிப் பார்க்குமுன்னரே குரலை அடக்கிக்கொண்டிருக்கலாம். வேறொரு காரணமும் உண்டு. 'உன் அழைப்பைக் கேட்டுவிட்டேன்' என்று கணிப்பொறி அனுப்பும் குறிப்பு கருவியைச் சென்றடையச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் அது திரும்பிவிட்டால், தீர்த்துவைத்த அழைப்பே புதியதுபோல் மறுபடியும் ஒலிக்கும். இங்கே குற்றம் அழைத்தவரிடம் அன்று, அவசரமாகத் திரும்பியவரிடமே உள்ளது.

நல்ல நிரல் ஒன்று இத்தகைய அழைப்பு வந்தவுடன் செயலில் இறங்கிவிடாது. கருவியின் நிலையைக் காட்டும் பதிவேட்டை முதலில் பார்க்கும். அழைப்பு மெய்யன்று எனத் தெரிந்தால், எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டுத் திரும்பும். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணிப்பொறியில் குறுக்கீடுகளை ஒழுங்குபடுத்த 8259ஏ என்னும் சில்லு இருந்தது. அதனிடமிருந்து வந்த அழைப்பு பொய்யெனத் தெரிந்தால், 'பணி முடிந்தது' என்று அதற்கு அறிவிக்கலாகாது. அறிவித்தால், அவ்வேளையில் உண்மையாகவே பணி பெற்றுக்கொண்டிருக்கும் வேறொரு கருவியின் குறி அழிந்துபோகக்கூடும். செய்யாத தொண்டைச் செய்ததாகக் காட்டுவது, தொண்டு பெறுபவருக்கே இழப்பாக முடிகிறது!

பொய்யழைப்பு ஓயாது வந்தால் என் செய்வது? பல கருவிகளில் இயங்கும் லினக்ஸ், ஒரு வழியில் வந்த 1,00,000 அழைப்புகளுள் 99,900-க்கும் மேற்பட்டவை எவருக்கும் உரியனவல்ல என்று கண்டால், 'எவரும் பொருட்படுத்தவில்லை' என்று பொருள்படும் செய்தியைப் பதிந்து, அவ்வழியை அடைத்துவிடும். அடைக்காவிடில், கணிப்பொறியின் காலமெல்லாம் வெற்றழைப்புகளிலேயே கழியும். ஆயினும் ஒரே வழியைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அப்போது குற்றமற்ற கருவியின் குரலும் சேர்ந்தே அடைபடும். ஆகவே அடைப்பது தற்காப்பே அன்றித் தீர்வு அன்று. கம்பிக்குக் காப்பிடுவதும், நிரலின் பிழையைத் திருத்துவதுமே தீர்வாகும்.

இதிலிருந்து நாம் தெளிவது ஒன்று: ஒவ்வோர் அழைப்புக்கும் இணங்கிச் செயல்படும் கடமை நமக்கு இல்லை, ஆனால் திரும்பிப் பார்க்கும் கடமை உண்டு. 'புலி வருது' என்று பொய்யாய்க் கூவிய சிறுவனின் கதையில் நாம் சிறுவனையே கடிந்துகொள்கிறோம். இறுதி நாளில் எட்டிப் பாராத ஊராரைப் பற்றி ஏனோ பேசுவதில்லை.

நம் இல்லங்களில் படுக்கையில் கிடக்கும் முதியவர் இரவில் பலமுறை அழைக்கிறார். சென்று கேட்டால், 'ஒன்றுமில்லை' என்கிறார். இயந்திரம் 1,00,000 வரை எண்ணிப் பொறுக்கிறது. மனிதரோ பத்தாம் முறையே செவியை அடைத்துக்கொள்கிறோம். முந்தைய முறை நாம் சொன்ன ஆறுதல் அவருடைய உள்ளத்தைச் சென்றடையுமுன் திரும்பிவிட்டோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா? மேலும், கம்பியில் எழும் இரைச்சலுக்குத் துன்பம் என்பது இல்லை. மனிதர் காரணமின்றி அழைக்கும்போதோ, பெரும்பாலும் அவ்வழைப்பே காரணமாக இருக்கிறது. அருகில் ஒருவர் இருக்கிறாரா என்று அறிந்துகொள்ள விரும்புகிறார். அத்தேவையைக் காட்டும் பதிவேடு எதுவும் இல்லை. அருகில் சென்று அமர்ந்தால்தான் அது நமக்குப் புலப்படும்.