சோம்பலும் ஏழாம் கற்பனையும்



தலையான பாவங்கள் ஏழில் கடைசியாகச் சொல்லப்படுவது சோம்பல். கடைசியில் இருப்பதாலோ என்னவோ, நம்மில் பலர் அதைப் பாவமென்றே எண்ணுவதில்லை. ஞாயிறு பூசை காணாததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறவர், வாங்கிய கூலிக்கு வேலை செய்யாததைச் சொல்வதுண்டோ?

“என் சோம்பலால் பிறருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்கலாம். தையற்காரர் சொன்ன தவணைக்குத் துணி கொடாவிட்டால், பிள்ளை புதுநன்மை வாங்கும் நாளில் தாய் கண் கலங்குகிறாள். ஆசிரியர் ஆயத்தமின்றி வகுப்புக்குப் போனால், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத ஏழைப் பிள்ளையே அதிகம் இழக்கிறான். குமாஸ்தா மனுவை மேசையில் தூங்கவிட்டால், விதவை ஒருத்தி மறுபடியும் பஸ்ஸுக்குக் காசு தேடுகிறாள். பிறருக்குச் சேரவேண்டியதைக் கொடாதிருப்பது, களவு செய்யாதிருப்பாயாக என்னும் ஏழாம் கற்பனைக்கு விரோதமன்றோ?

ஆனால் ஓயாமல் ஓடுவதெல்லாம் சுறுசுறுப்பு ஆகாது. கடமையை விட்டு வேறு நூறு வேலை செய்பவனும் சோம்பேறியே. வீட்டில் படுத்திருக்கும் தகப்பனுக்கு மருந்து கொடாமல், கோவில் திருவிழாவுக்கு ஓடியாடி உழைப்பதும் அப்படியே.

1955-ம் ஆண்டில் 12-ம் பத்திநாதர் பாப்பானவர் மே மாதம் 1-ந் தேதியைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பர் திருநாளாக ஏற்படுத்தினார். அந்தத் தச்சர் பேசிய ஒரு வார்த்தைகூட சுவிசேஷத்தில் இல்லை. தேவதூதர் சொன்னதும் எழுந்து செய்தார் என்பதே இருக்கிறது.

நீங்கள் ஒத்திப்போட்ட வேலை ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதற்காகக் காத்திருப்பவர் யார்? நாளைக் காலையில் சிலுவை அடையாளம் வரைந்து, அதையே முதலில் செய்யுங்கள்.