செய்ந்நன்றியும் நடுவு நிலைமையும்

நோய் தீர்ந்தால் நேர்த்தி வைத்து நிறைவேற்றுவது நம்மவர் வழக்கம். பிள்ளைக்குச் சுகமானால் பொங்கல், ஐயா எழுந்து நடந்தால் அபிடேகம் என்று இறைவனுக்குரிய கணக்கைத் தவறாமல் தீர்த்து விடுகிறோம். அந்தச் சுகம் எந்த மனிதரின் கைவழியே வந்ததோ, அவருடைய கணக்குப் பெரும்பாலும் எழுதப்படாமலே போய்விடுகிறது. அவர் நம் சமயத்தவர் அல்லர் என்றால், எழுதலாமா என்ற கேள்வியும் கூடவே எழுந்துவிடும்.

எங்கள் வீட்டில் அக்கேள்வி 1976 ஆம் ஆண்டில் எழுந்தது. ஐயாவுக்கு நெடுநாளாக இருந்த குடலிறக்கம் ஓரிரவு இறுகி, வாந்தி நிற்காமல், ஆள் துவண்டு போனார். அயலில் கார் வைத்திருந்தவரை எழுப்பி, பண்ணைப் பாலம் கடந்து, உறவினர் இருந்த மானிப்பாய்க்கு, கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். விடியுமுன் சத்திரசிகிச்சை நடந்தது. கார்க்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். அவருக்கும் நாங்கள் முறையாக ஒன்றும் செய்ததில்லை என்பதை இவ்விடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஐயா நாவலர் பெருமான் வழியில் நின்ற சைவர். திருநீறு தரியாமல் ஒரு மிடறு நீரும் அருந்தார். மயக்கம் தெளியாது கிடந்த அவரின் தலைமாட்டில் அம்மா வைத்திருந்த சம்புடத்தைத் தாதி ஒருவர் கண்டார். "கண் முழிச்சவுடன ஐயா தேடுவார்" என்று சொல்லி, கை கழுவி வந்து, தாமே நெற்றியில் பூசிவிட்டார். அவர் கழுத்திலே சிறியதொரு சிலுவை தொங்கியது.

அடுத்த தைப்பொங்கலுக்கு ஐயா ஒரு கட்டுப் பனங்கிழங்கும் பனாட்டும் அந்தத் தாதிக்கு அனுப்பினார். பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "அவை சமயம் பரப்ப வந்த ஆக்கள். ஆஸ்பத்திரி அதுக்குத் தூண்டில். மீன் போய்த் தூண்டிலுக்கு நன்றி சொல்லுமோ?" என்றார்.

பெரியப்பா சொன்னது முழுதும் பொய்யன்று. வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் நம் இளைஞருக்கு மேனாட்டு வைத்தியம் பயிற்றினார்; பின்னாளில் தமிழிலேயே பயிற்றினார். அங்காதிபாதம், இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வந்தன. 1873 இல் தாயகம் திரும்பி 1884 இல் காலமானார். கிறிஸ்து சமயத்தைப் பரப்புவது தம் நோக்கங்களில் ஒன்று என்பதை அவர் ஒருபோதும் மறைத்தவரல்லர். அதே மிஷன்களின் சமயப் பிரசாரத்தை எதிர்த்து நின்றவர் நாவலர். இருவரும் 1822 ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள் என்பது நினைக்குந்தோறும் எனக்கு வியப்பளிப்பது.

ஐயா பெரியப்பாவுடன் வாதிடவில்லை. நாவலர் பதிப்பித்த திருக்குறள் பரிமேலழகர் உரையை எடுத்து வந்தார். 11 ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல்; 12 ஆம் அதிகாரம் நடுவு நிலைமை. ஏன் இந்த வரிசை? உதவி செய்தவரை நினைக்குமிடத்து நடுவு நிலைமை தளரக்கூடும், அவ்விடத்தும் தளரலாகாது என்பதற்காகவே பின்னே வைக்கப்பட்டது என்று பரிமேலழகர் காரணம் காட்டுகிறார். அப்படியானால் இரண்டும் ஒருவரிடத்திலேயே, ஒரே வேளையில் இருக்கலாம் என்பதுதானே பொருள்? நன்றிக்காகக் கொள்கையை விடவேண்டியதில்லை. கொள்கைக்காக நன்றியைக் குறைக்கவும் வேண்டியதில்லை. தூண்டில் கதை எனக்கு அன்றும் ஒப்பவில்லை. மதம் மாற்ற எண்ணியவர் சம்புடத்தை ஒளித்து வைத்திருப்பாரேயன்றித் திருநீறு பூசியிருப்பாரா?

அவ்வாண்டே ஐயாவுக்கு ஒரு சோதனையும் வந்தது. வேறிடத்திலிருந்து ஊருக்கு வந்த போதகர் ஒருவர், சத்திரசிகிச்சைச் செய்தி அறிந்து எங்கள் திண்ணையில் வந்தமர்ந்து, உயிர் தந்தவரை ஐயா ஏற்கலாகாதா என்று கேட்டார். ஐயா தேநீர் கொடுத்து உபசரித்தார். பிறகு சொன்னார்: "அந்த ஆஸ்பத்திரிக்கு நான் கடன்காரன்தான். என்ர சமயத்தை அந்தக் கடனிலை கழிக்கேலாது." போதகரும் சிரித்துவிட்டு எழுந்தார்.

தை தோறும் மானிப்பாய்க்குப் பெட்டி போனது. 1990 ஓகஸ்டில் தீவகம் கலைந்தபோது அதுவும் நின்றது. ஐயா இடம்பெயர்ந்த இடத்திலேயே சிவபதமடைந்தார்.

ஊர் திரும்பிச் சில ஆண்டுகளின் பின், ஒரு தை மாதம் நானே ஒரு கட்டுக் கிழங்குடன் மானிப்பாய் சென்றேன். அந்தத் தாதியை அங்கு அறிந்தவர் எவருமில்லை. வாசலில் நின்ற இளம் தாதி விடயத்தைக் கேட்டறிந்து, சற்று யோசித்து, "அப்ப நான் வாங்கலாமோ ஐயா?" என்றார். அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. கொடுத்துவிட்டு வந்தேன். அதை ஐயாவின் கணக்கில் வரவு வைக்கலாமா என்று கேட்பதற்குப் பெரியப்பாவும் இப்போது இல்லை.