கூப்பிட்டு எடுத்த படம்

காக்கையைப் படமெடுக்க நீண்ட லென்ஸ் தேவையில்லை. 1890களில், காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்று தீர்க்கட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட பறவை அது. இன்று பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை மேசைவரை வருகிறது. மனிதருக்கு அஞ்சாமல் பிழைக்கக் கற்ற இனம். அஞ்சி ஒதுங்கியே பிழைக்கும் பறவைகளும் இதே கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றி இருக்கின்றன. விலையுயர்ந்த கேமராக்களோடு வார இறுதியில் புறப்படுகிறவர்கள் தேடிப்போவது அவற்றைத்தான்.

கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் அலையாத்திக் காட்டில் அப்படி ஒன்று வாழ்கிறது. தமிழ்நாட்டு ஆறுமணிக்குருவிக்கு நெருங்கிய உறவு. மலாயில் பாச்சாட் பாக்காவ். முதுகில் பச்சை, இறகில் நீலம், வாலடியில் சிவப்பு என்று அத்தனை நிறம் இருந்தும், சேற்று நிழலில் நண்டும் பூச்சியும் பொறுக்கும்போது கண்ணுக்கு அகப்படாது. மணிக்கணக்கில் காத்திருந்தும் குரல் மட்டுமே கேட்டுத் திரும்புவது இங்கே வழக்கம்.

காத்திருக்க முடியாதவர்களுக்குக் குறுக்குவழிகள் உண்டு. புழு போட்டு ஓரிடத்துக்குப் பழக்குவது ஒன்று. கைப்பேசியில் அந்தப் பறவையின் குரலையே ஒலிக்கவிடுவது மற்றொன்று. இரண்டாவதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். தன் எல்லைக்குள் வேறோர் ஆண் புகுந்துவிட்டது என்பதே அந்த ஒலி பறவைக்குச் சொல்லும் செய்தி. இரையை விட்டு, சில வேளை கூட்டையும் விட்டு, இல்லாத எதிரியைத் துரத்த அது வெளியே வருகிறது. வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்று பொய்க்கூச்சல் போட்டு ஒருவரை வாசலுக்கு வரவழைத்துப் படமெடுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பத்து மீட்டர் தள்ளி நின்றோம் என்று சொல்லி இதை நியாயப்படுத்த முடியாது.

ஒரு தடவை ஒலிபரப்பினால் பறவை செத்துவிடுமா என்று கேட்பார்கள். சாகாது. ஆனால் அடுத்த சனிக்கிழமை அதே பாதைத் திருப்பத்தில் வேறொருவர் நிற்பார், மறுநாள் இன்னொருவர். அவரவர் கணக்கில் ஒரே முறை. பறவையின் கணக்கில் அது ஓயாத தொல்லை. தீங்கைக் கண்ணால் பார்க்காததால் எவர் மனமும் உறுத்துவதில்லை. அதனாலேயே இதை நம் கணக்கில் எடைபோடக் கூடாது. கூட்டருகே இலைகளை விலக்கிப் படமெடுப்பதைப் பற்றி விவாதமே வேண்டாம். குஞ்சுகளை வெயிலுக்கும் குரங்குக்கும் காக்கைக்கும் காட்டிக்கொடுக்கும் செயல் அது.

படங்களால் நன்மையே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. பார்த்திராத பறவைக்காக யாரும் குரல் கொடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத காட்டை அழிப்பது எளிது. இது கனமான வாதம். ஆனால் அந்த நன்மை தானாக வந்துவிடாது. பாராவ்-பாராவ் என்று மலாயில் வழங்கும் சின்னான் இனத்தைப் பாருங்கள். இனிய குரலே அதற்கு வினையாயிற்று. கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்தே அழிவின் விளிம்புக்குத் தள்ளினார்கள். அதன் படத்தோடு இடத்தின் பெயரையும் வெளியிட்டால், பறவையை நேசிப்பவருக்கு முன் வலை வைப்பவன் போய்ச் சேரக்கூடும். ஈபேர்ட் போன்ற பதிவுத் தளங்கள் இத்தகைய இனங்கள் இருக்கும் இடத்தைப் பொதுவில் காட்டாமல் மறைப்பது இதனால்தான்.

தூரம் எவ்வளவு என்பதற்கு மீட்டர் கணக்கில் விடை கிடையாது. பறவையே சொல்லும். கொத்துவதை நிறுத்திக் கழுத்தை நீட்டினால் நெருங்கிவிட்டோம் என்று பொருள். கிள்ளானை அடுத்த காப்பார் கரையோரத்துக்கு சைபீரியாவரையுள்ள வடநிலங்களிலிருந்து வலசை வரும் உள்ளான்கள், அலை ஏறிச் சேறு மூழ்கும் சில மணி நேரம்தான் ஒதுங்கி ஓய்வெடுக்கும். கூட்டம் எழும்பும் காட்சி அழகாக இருக்கும் என்று அவற்றைக் கிளப்பிவிடுகிறவர், திரும்பிப் பறக்கச் சேர்த்துவைத்த வலுவைத் திருடுகிறார்.

படம் பகிர்பவர்களிடம் ஒன்று கேட்கலாம். எந்த லென்ஸ், எத்தனை வேகம் என்று எழுதுகிறீர்கள். ஒலி போட்டீர்களா, புழு வைத்தீர்களா, காத்திருந்தீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.